அஷ்டமி வந்தால் மட்டும் பஞ்சாங்கங்கள் ஏன் பிணங்குகின்றன?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் நல்ல கேள்வி ஒன்று அனுப்பியிருக்கிறார். வீட்டுச் சுவரில் தொங்குவது பழைய மனப்பாட அட்டவணைப்படி கணித்த வாக்கியப் பஞ்சாங்கக் காலண்டர், போனில் இருப்பது இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணித ஆப். அஷ்டமி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் அமாவாசை, பௌர்ணமி நேரங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. பழைய கணக்கு பிழை என்றால் எல்லா நாளும் பிழையாக இருக்க வேண்டாமா, அஷ்டமியில் மட்டும் ஏன் என்பது அவர் சந்தேகம்.

விடை சூரியனிடம் இருக்கிறது. அதற்கு முன் திதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

திதி என்பது கோணக் கணக்கு. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனை விட்டுச் சந்திரன் எத்தனை பாகை கிழக்கே விலகியிருக்கிறது என்று அளந்து, அதைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். சூரியன் 10 பாகையிலும் சந்திரன் 88 பாகையிலும் இருந்தால் விலகல் 78. பன்னிரண்டால் வகுத்தால் ஆறரை. அதாவது ஆறு திதி முடிந்து, ஏழாவதான சப்தமி பாதி ஓடியிருக்கிறது. முழுச் சுற்றுக்கு 30 திதி. அதற்கு ஆகும் காலம் 29.53 நாள். ஆகவே ஒரு திதியின் சராசரி நீளம் 23 மணி 37 நிமிடம். உண்மையில் அது சுமார் 20 மணியிலிருந்து 26 மணி முக்கால் வரை கூடியும் குறைந்தும் வரும்.

சோதிட மரபு இந்தக் கோணத்தின் மேல்தான் பொருளை ஏற்றி வைத்திருக்கிறது. சந்திரன் மனத்துக்குக் காரகன், வளர்பிறைச் சந்திரன் சுபன், தேய்பிறைச் சந்திரன் பாபன் என்பார்கள். பிரதமை முதல் ஐந்து ஐந்தாக நந்தை, பத்திரை, ஜெயை, இரிக்தை, பூரணை என்று திதிகளுக்குக் குணம் சொல்வார்கள். அமாவாசை முன்னோருக்கு உரியது. நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அதை வாவு என்றே சொல்கிறோம். ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலி அதிகாலையிலேயே தொடங்கிவிடும். தர்ப்பணத்துக்கான சாஸ்திர விதியோ பகலை ஐந்தாகப் பிரித்து நாலாம் பங்கில், அதாவது ஏறத்தாழ பகல் ஒன்றே கால் முதல் மூன்றரை வரை அமாவாசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. பிரதோஷத்துக்கு மாலையில் திரயோதசி இருக்க வேண்டும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது சதுர்த்தி இருக்க வேண்டும். ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு நேரம் விதித்திருப்பதால், திதி முடிவு சில மணி நேரம் நகர்ந்தாலே பண்டிகை ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

பௌர்ணமி பற்றிப் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. விலகல் சரியாக 180 பாகை ஆகும் நொடி, பௌர்ணமித் திதி முடியும் நொடி. சித்ரா பௌர்ணமி மாலை கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் சந்திரன் எழுவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். எந்தப் பௌர்ணமியிலும் எந்த ஊரிலும் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கத் திறந்த கடல் இங்கே வாய்த்திருக்கிறது. ஆனால் திதி எப்போது முடிகிறது என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். சந்திரன் மணிக்கு அரைப் பாகை சூரியனை விட்டு விலகுகிறது. ஒரு பாகை உதயத்தில் நாலு நிமிடம். சூரியன் மறைவதற்கு ஆறு மணி நேரம் முன்பே பௌர்ணமி முடிந்திருந்தால் சந்திரன் சுமார் 12 நிமிடம் தாமதமாக எழும். ஆறு மணி நேரம் கழித்து முடிவதாக இருந்தால், சூரியன் மறையும்போது அது ஏற்கெனவே மூன்று பாகை மேலே நிற்கும். இதோடு, நாம் பூமியின் மையத்தில் நிற்காமல் மேற்பரப்பில் நிற்பதால் இன்னும் நாலு நிமிடம் தாமதம். சந்திரன் சூரியப் பாதைக்கு ஐந்து பாகை வரை வடக்கிலோ தெற்கிலோ ஒதுங்கி வருவதும் நேரத்தை மாற்றும். ஆனால் கன்னியாகுமரி 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், சந்திரன் கடலிலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாகவே ஏறுகிறது. அந்த ஒதுக்கத்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள்தான். காட்சிக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திதி முடியும் நேரத்தைத்தான்.

பஞ்சாங்கத்தில் திதி முடிவைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணும் நாழிகையில் போட்டிருந்தால், மணிக்கு மாற்றுவது எளிது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. “தசமி 23-40” என்றால் 23 நாழிகைக்கு 9 மணி 12 நிமிடம், 40 விநாழிகைக்கு 16 நிமிடம். மொத்தம் 9 மணி 28 நிமிடம். சூரிய உதயம் 6.10 என்றால் தசமி முடிவது மாலை 3.38. இங்கே அடிக்கடி நேரும் தவறு, நாகர்கோவில் உதயத்தைக் கூட்டிவிடுவது. பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டதோ அந்த ஊர் உதயத்தையே கூட்ட வேண்டும். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் தீர்க்கரேகை வித்தியாசமே 11 நிமிடம். மணிக்கணக்கில் அச்சிட்டிருந்தால் எதையும் கூட்ட வேண்டாம். திதி முடிவு உலகம் முழுவதற்கும் ஒரே கணம்.

இனி அஷ்டமிக்கு வருவோம்.

சந்திரனின் பாதை நீள்வட்டம். பூமியிலிருந்து அதன் தூரம், மிக நெருங்கும் அண்மையில் சுமார் 3,63,000 கிலோமீட்டர், மிக விலகும் சேய்மையில் சுமார் 4,05,000. அண்மையில் விரைவாகவும் சேய்மையில் மெதுவாகவும் ஓடும். ஆகவே ஒரே சீராக ஓடுவதாக நாம் கற்பனை செய்யும் சராசரிச் சந்திரனை விட, உண்மைச் சந்திரன் சில நாள் முந்தியும் சில நாள் பிந்தியும் நிற்கும். இந்த முந்தலும் பிந்தலும் அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவழியில் அதிகம். பாதை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு பெரியது இந்த வித்தியாசம். பூமியும் சந்திரனும் மட்டுமே இருந்திருந்தால் அது எப்போதும் ஒரே அளவு, சுமார் 6.3 பாகை.

ஆனால் சூரியன் அந்த நீள்வட்டத்தைப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருக்கிறது. நீள்வட்டத்தின் நீண்ட அச்சு சூரியனை நோக்கி இருக்கும் நாட்களில் பாதை இன்னும் நீண்டு நசுங்குகிறது. அச்சு சூரியத் திசைக்குக் குறுக்கே கிடக்கும் நாட்களில் வட்டத்தை நெருங்குகிறது. நசுக்கத்தின் அளவு 0.066க்கும் 0.044க்கும் இடையே ஊசலாடுகிறது. வானியலில் இதற்கு எவெக்‌ஷன் என்று பெயர். சந்திரனின் ஓட்டத்தில் இதைவிட அழகான ஒன்று கிடையாது.

இப்போது ஒரு பௌர்ணமியை எண்ணிப்பாருங்கள். சந்திரன் நடுவழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில். சந்திரன் நடுவழியில் இருப்பதால் நீண்ட அச்சு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது. அப்படியானால் பாதை வட்டத்தை நெருங்கிய நிலை. வித்தியாசம் 5 பாகைதான். அமாவாசைக்கும் இதே கதை. அஷ்டமியில் சந்திரன் நடுவழியில் இருந்தால் நிலைமை தலைகீழ். சந்திரன் சூரியனுக்கு 90 பாகை விலகி நிற்கிறது. அதற்குக் குறுக்கே கிடக்கும் அச்சு நேரே சூரியனைப் பார்க்கிறது. பாதை மிக நசுங்கிய நிலை, வித்தியாசம் 7.5 பாகை.

வாவில், அதாவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் 5, அஷ்டமியில் 7.5. இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நம் முன்னோர் சந்திரனுக்கு வைத்த திருத்தம் எவ்வளவு தெரியுமா? ஆரியபடரிலும் சூரிய சித்தாந்தம் என்னும் பழைய வானியல் நூலிலும் 5 பாகையும் சில கலைகளும் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அவர்கள் கணக்கைச் சரிபார்த்தது கிரகணங்களை வைத்து. கிரகணம் வாவில் மட்டுமே வரும். கண்ணால் பார்த்து, நேரம் குறித்து, ஒப்பிட ஏற்ற நிகழ்வு அது. ஆகவே சந்திரனின் வாவு முகத்தை அவர்கள் துல்லியமாகப் பிடித்தார்கள். சூரியனுக்கு அவர்கள் வைத்த திருத்தம் சுமார் 2 பாகை 10 கலை. இன்றைய மதிப்பான 1 பாகை 55 கலையை விட அது கூடுதல். அந்தக் கூடுதலும் சந்திரனின் இன்னொரு சிறு ஆட்டத்தை வாவில் ஈடுகட்டிவிடுகிறது. திரும்பத் திரும்பக் கிரகணம் பார்த்தவர்களின் கைத்தடம் அது.

அஷ்டமியில் விடுபடுவது இரண்டரைப் பாகை. மணிக்கு அரைப் பாகை என்றால் ஐந்து மணி நேரம், அதாவது 12 நாழிகைக்கு மேல். வாசகர் கண்ட வித்தியாசம் இதுதான். எல்லா அஷ்டமியிலும் இப்படி வராது. சந்திரன் அண்மையிலோ சேய்மையிலோ இருக்கும்போது அஷ்டமி வந்தால் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகும். அச்சு சூரியனை நோக்கித் திரும்புவது சுமார் 206 நாளுக்கு ஒருமுறை. அந்த நாட்களையொட்டிய அஷ்டமிகளில் பிணக்கு உச்சம். அப்போதும் வளர்பிறை அஷ்டமியில் முந்திய பஞ்சாங்கம் தேய்பிறை அஷ்டமியில் பிந்தும். கிருஷ்ண ஜெயந்தி தேய்பிறை அஷ்டமியில் வருவது நினைவிருக்கட்டும். அந்தத் தேதிச் சண்டைக்கு ரோகிணி நட்சத்திரம், சம்பிரதாய பேதம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதுவும் ஒன்று.

வாக்கியக் கணக்கை மட்டமாகப் பேசுவது தவறு. அது 248 சிறு சொற்றொடர்களால் ஆன மனப்பாட அட்டவணை. சந்திரன் அண்மையிலிருந்து மறுபடி அண்மைக்கு வர 27.55 நாள், ஒன்பது சுற்றுக்கு 248 நாள். அந்த எண்ணின் பெயர் “தேவர”. கடபயாதி முறையில் எழுத்தே எண்: தே எட்டு, வ நாலு, ர இரண்டு. வலமிருந்து வாசித்தால் 248. முதல் வாக்கியம் “கீர்ந: ச்ரேய:”. க வரிசையில் மூன்று, ந சுழியம், ர இரண்டு, ய ஒன்று; திருப்பினால் 12 பாகை 03 கலை. சேய்மையிலிருந்து கிளம்பிய சந்திரன் முதல் நாளில் நடக்கும் தூரம் அது. சராசரி 13 பாகை 11 கலை என்பதை நினைத்தால், சேய்மையின் மந்தம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1825ஆம் ஆண்டு புதுச்சேரிப் பகுதியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழி வைத்து, மனப்பாடமாக ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஐரோப்பிய வானியலாளர் ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நாலு நிமிடம்தான்.

திருத்துவதும் இந்த மரபுக்குப் புதிதல்ல. கேரளத்தில் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைப் பார்த்து 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். 10ஆம் நூற்றாண்டில் முஞ்சாலர் சந்திரனுக்கு இரண்டாவது திருத்தத்தையே சொல்லிவிட்டார். ஒடிசாவின் சாமந்த சந்திரசேகரர் மூங்கில் குழாயும் குச்சியும் கொண்ட கருவிகளால் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் எவெக்‌ஷனையும் மற்ற இரு திருத்தங்களையும் தாமே கண்டறிந்தார். வானத்தோடு ஒத்துப்போகாத கணக்கை மாற்று என்பதுதான் இவர்கள் காட்டிய வழி. “முன்னோர் சொன்னது, மாற்றக்கூடாது” என்போர் அந்த முன்னோரையே கேட்பதில்லை. நிலவுக்குக் கலம் அனுப்பப் பணம் ஒதுக்குவது நியாயம். அதில் மிகச் சிறு துளியையாவது வானியல் ஓலைச்சுவடிகளுக்கும், கணிதமும் கிரந்தமும் ஒருசேரத் தெரிந்த இளைஞர்களுக்கும் தர வேண்டும். அந்தச் சுவடிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பிறை மனிதனைப் பிடித்து ஆட்டுகிறது என்போர் கடலைக் காட்டுவார்கள். வாவு நாட்களில் கடல் கூடுதலாக ஏறுவதும் இறங்குவதும் உண்மை. இறக்கத்தில் நீர் தாழ்ந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு தாமதமாவதை நாம் பார்க்கிறோம். இங்கே அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதுவும் சமுத்திரம் முழுவதும் சேர்ந்து அசைவதால் வருவது. ஆறடி உடம்புக்குள் இருக்கும் நீரில் அந்த இழுப்பு வித்தியாசம் ஒன்றுமில்லை. தவிர, கடலுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றே. ஒன்றை மங்கலமாகவும் மற்றதை அச்சமாகவும் பார்ப்பது நம் மனம். வாவுபலி இடுவது பாசம். அமாவாசையில் பிறந்த குழந்தையைச் சந்தேகத்தோடு பார்ப்பது கொடுமை.

எந்தப் பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்துப்போகிறது என்று வாசகர் தாமே சோதிக்கலாம். சந்திரன் சரிபாதியாகத் தெரிவது விலகல் 90 பாகையில். பன்னிரண்டால் வகுத்தால் ஏழரை, அஷ்டமியின் நடு. இரண்டு பஞ்சாங்கமும் அதிகம் பிணங்கும் ஒரு வளர்பிறை அஷ்டமியைத் தேர்ந்தெடுத்து, இரண்டின்படியும் அஷ்டமி நடு எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று மாலை ஆறு மணியை ஒட்டி வந்தால் நல்லது. அந்நேரம் சந்திரன் உச்சிக்கு அருகில் இருப்பதால் நாம் நிற்கும் இடத்தால் வரும் பிழையும் குறைவு. சிறு தொலைநோக்கியில் போனை வைத்துச் சந்திரனின் குறுக்களவு 1000 புள்ளி வருமாறு படம் எடுங்கள். ஒளியும் நிழலும் பிரியும் கோடு மையத்தின் வழியே நேராகப் போனால் அதுதான் உண்மையான நடு. ஐந்து மணி நேரம் தவறியிருந்தால் கோடு மையத்தை விட்டு 22 புள்ளி வளைந்து விலகியிருக்கும். மலைகளும் பள்ளங்களும் கோட்டைக் கரடுமுரடாக்கும். ஆகவே கால் மணிக்கு ஒன்றாகப் பத்துப் படமாவது எடுத்துச் சராசரி பாருங்கள்.