டயாட்ரெட்டா: கண்ணாடியை ஊடறுத்த கலை

ரோமானியக் கண்ணாடி வேலையில் உச்சம் எது என்று கேட்டால் டயாட்ரெட்டாவைத்தான் சொல்வேன். சொல்லின் மூலம் கிரேக்கம். 'டியா' என்றால் ஊடே, 'ட்ரேடோஸ்' என்றால் துளைத்தது. லத்தீனுக்குப் போய் இவ்வகைக் கிண்ணத்தின் பெயராகிவிட்டது. டயாட்ரெட்டா பன்மை, ஒருமையில் 'டயாட்ரெட்டும்'.

உள்ளே ஒரு கிண்ணம், அதைச் சுற்றிக் கண்ணாடியிலேயே ஒரு வலை. நடுவில் காற்று. குச்சி குச்சியாகச் சில கால்கள் மட்டும் வலையைத் தாங்கி நிற்கும். இது ஒட்டவைத்த வேலை அல்ல. சுவர் தடித்த ஒரே குவளையைச் செய்து, ஆறவிட்டு, சக்கரத்தால் குடைந்து குடைந்து வலையை வெளியே எடுத்தார்கள் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஜெர்மனியின் கொலோன் நகரில் கிடைத்த கிண்ணத்தில் எழுத்துகளும் அப்படியே தனித்து நிற்கின்றன: 'குடி, என்றும் நன்றாக வாழ்' என்று கிரேக்கத்தில்.

சரி, பாதி வேலையில் உடைந்தால்? ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் இதற்கே விடை எழுதியிருக்கிறார். கைத்திறன் போதாமல் உடைத்தால் கைவினைஞர் ஈடு தரவேண்டும். கண்ணாடியில் முன்பே விரிசல் இருந்தால் விலக்கு உண்டு. அதனால்தான் 'உடைந்தால் நான் பொறுப்பல்ல' என்று முன்பே பேசி ஒப்புக்கொண்ட பிறகே பலர் வேலையை எடுத்தார்களாம். அந்த ஒரு வரியில் கைவினைஞரின் பயம் எனக்குத் தெரிகிறது.

இவர்களுக்கு டயாட்ரெட்டாரி என்று பெயர். பொ.ஆ. 337இல் கான்ஸ்டன்டைன் பொதுக் கடமைகளிலிருந்து விலக்களித்த கைவினைஞர் பட்டியலில் இவர்கள் தனி, கண்ணாடி செய்வோர் தனி.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வலைக்கிண்ணம்', 'கூண்டுக் கிண்ணம்' இரண்டும் காதுக்கு இதமாக இருக்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லைகர்கஸ் கிண்ணத்தில் வலையே கிடையாது. திராட்சைக் கொடியில் சிக்கிய லைகர்கஸ் என்ற புராண அரசனின் உருவம்தான் குடைந்தெடுக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு! அதையும் டயாட்ரெட்டா என்றே சொல்கிறார்கள். ஆகவே தோற்றத்தை விட்டு, செய்த வேலையைப் பெயராக்குவதே சரி: ஊடறு கிண்ணம். சுட்ட மண் சுடுமண் ஆனதுபோல, ஊடறுத்த கிண்ணம் ஊடறு கிண்ணம். வினைத்தொகை என்பதால் நடுவில் 'க்' வராது.