செடிமென்ட் லோடு: வண்டல் அல்ல, மண்சுமை

சரிவான உழவு நிலத்தில் கனமழை பெய்தால், விரலகலம் முதல் முழ அகலம் வரை தண்ணீர் அறுத்த கோடுகள் விழும். ஆங்கிலத்தில் இதற்கு ரில் என்று பெயர். அதில் ஓடும் செந்நீர் தன்னோடு கொண்டுபோகும் மண்தான் செடிமென்ட் லோடு. இதை 'வண்டல் சுமை' என்றோ 'படிவுச் சுமை' என்றோ எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் பொருந்தவில்லை.

செடிமென்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். 'உட்கார்' என்ற பொருளுடைய செடெரே அதன் வேர். அடியில் போய் உட்கார்ந்தது எதுவோ அதுவே செடிமென்ட். ஓடும் மண்ணுக்கும் அதே பெயரை வைத்து ஆங்கிலம் பொருளை நீட்டிக்கொண்டது. தமிழில் வண்டல் அப்படி நீளவில்லை. கண்மாயில் தங்கியது வண்டல். தெற்கே அதைக் கரம்பை என்று சொல்லி வயலுக்கு அடிப்பார்கள். சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் வீடு கட்டி ஆடும் ஆட்டத்துக்கும் வண்டல் என்றுதான் பெயர். எப்படிப் பார்த்தாலும் கிடக்கிற மண். படிவு இன்னும் வெளிப்படை: படிந்தால்தான் படிவு. (செடிமென்ட் டிரான்ஸ்போர்ட்டை 'வண்டல் கடத்தல்' என்று எழுதினால் ராத்திரி லாரிதான் நினைவுக்கு வரும். 'மண் நகர்வு' போதும்.)

வெள்ளம் மண்ணைச் சுமந்து வருகிறது என்பது நம் இயல்பான பேச்சு. அதனால் மண்சுமை. தரையை ஒட்டி உருண்டும் தத்தியும் போவது படுகைச்சுமை. சுழிப்பு தூக்கிப்பிடிக்க, தண்ணீருக்குள்ளேயே போகும் நுண்மண் தொங்குசுமை. 'மிதவைச் சுமை' என்பது தவறு, அந்தத் துகள் மிதப்பதில்லை. ஓட்டம் நின்றதும் மெல்ல இறங்கிவிடும். கலங்கலும் மண்சுமையும் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரியும் கலங்கலில் பெரும்பங்கு தொங்குசுமை. அடியில் தத்திப்போகும் மணலை அது காட்டாது. ரில்லுக்கு 'சிற்றோடை' என்பதைவிட 'அரிப்புச் சால்' நல்லது. ஜெர்மன் மொழியில் ரில்ல என்றால் பள்ளக்கோடு. அடுத்த உழவில் அழிந்துவிடும் என்பதே ரில்லைப் பெரிய அறுப்புப் பள்ளத்திலிருந்து பிரிக்கும் அடையாளம். சால் என்ற சொல்லிலேயே ஏர் இருக்கிறது.

பொருந்தாத பெயர் கணக்கிலும் பிழையாக வந்து நிற்கும். தண்ணீரின் ஓட்டத்தடையை மேனிங் கெழு என்ற எண்ணால் குறிப்பது வழக்கம். எண் கூடினால் தடை கூடுதல். அதற்குச் 'சொரசொரப்புக் கெழு' என்று பெயர் வைத்ததால், தடை முழுவதும் தரையின் சொரசொரப்பு, அது மாறாத எண் என்ற எண்ணம் வந்துவிட்டது. சிமெண்ட் வாய்க்காலுக்கு அது சரி. அரிப்புச் சாலில் தரையே நகர்கிறது. தத்தும் மணல் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தண்ணீரிடமிருந்து உந்தத்தை வாங்கி, விழும்போது தரையில் கொட்டுகிறது, வேகம் குறைகிறது. தொங்குசுமை எதிர்த்திசையில் வேலை செய்யலாம்: நுண்மண் மிகுந்தால் சுழிப்பு தணிந்து தடை குறைவதும் உண்டு. ஆனால் சாலில் இவ்விரண்டையும் மிஞ்சுவது தரையின் உருவம். மண் பெயர்ந்த இடத்தில் படியும் குழியும் விழுகின்றன. படியிலிருந்து குதிக்கும் நீர் குழியில் சுழன்று தன் ஆற்றலை அங்கேயே இழக்கிறது.

அதனால்தான் சரிவு கூடினாலும் வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. பெல்ஜிய ஆய்வாளர் கெரார்ட் கோவர்ஸ் 1992இல் வெளியிட்ட சமன்பாட்டில் சரிவே கிடையாது: வினாடிக்கு எத்தனை கனமீட்டர் ஓடுகிறதோ அந்த எண்ணின் 0.294 அடுக்கை 3.52ஆல் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் வேகம். ஓட்டம் இரட்டித்தால் வேகம் சுமார் 23 சதவீதம்தான் ஏறும். சரிவு நான்கு மடங்கானால் மேனிங் கெழு இரண்டு மடங்காகும். தண்ணீர் தன் தடையைத் தானே வெட்டிக்கொள்கிறது. இது இளகிய, அடுக்கில்லாத மண்ணுக்கான கணக்கு. கல் மண்டிய நிலத்திலும் வேர், சருகு கிடக்கும் இடத்திலும் அப்படியே போடக்கூடாது.

அரிப்புச் சால் ஒன்றை அளந்து பார்ப்போம். அகலம் 10 செ.மீ., ஆழம் 2 செ.மீ., 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். தண்ணீரில் ஊற்றிய சாயத்தின் முன்விளிம்பு 2 மீட்டர் தூரத்தை 3.5 வினாடியில் கடக்கிறது: வினாடிக்கு 0.57 மீட்டர். முன்விளிம்பு மேற்பரப்பின் வேகம், சுழிப்போட்டத்தில் 0.8ஆல் பெருக்கினால் சராசரி 0.46. ஓட்டம் வினாடிக்கு 0.92 லிட்டர். இதிலிருந்து மேனிங் கெழு 0.04 வருகிறது. சுத்தமான மண் வாய்க்காலுக்கு அட்டவணை தரும் 0.02ஐ எடுத்திருந்தால் வேகம் 0.93, உள்ளதைப்போல் இரு மடங்கு. அதை நம்பி அரிப்பைக் கணித்தால் அந்தக் கணக்கும் சேர்ந்து வீங்கும். தரையின் மீதான இழுவை சுமார் 14 பாஸ்கல். அதிலும் பெரும்பகுதியைப் படியும் குழியும் தின்றுவிடுவதால் துகளைப் பெயர்க்க மிஞ்சுவது கொஞ்சமே.

அளக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. மண்சுமை ஏறினால் 0.8 என்ற எண் இறங்கும், கலங்கிய நீரில் சாயமும் தெரியாது. அங்கே உப்புக் கரைசலை ஊற்றி, இரண்டு இடங்களில் மின்கடத்துதிறன் பார்ப்பதே வழி. அடுத்தது, புட்டியில் பிடித்த நீரை எடைபோட்டு அதையே லிட்டராக எழுதிவிடுவது. லிட்டருக்கு 100 கிராம் மண் இருந்தால் அந்த ஒரு லிட்டர் 1,062 கிராம் எடை வரும். ஓட்டம் 6 சதவீதம் கூடுதலாகப் பதிவாகிவிடும். மாதிரியை 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மண்ணின் எடையைத் தனியே எடுத்து, துகளடர்த்தி மில்லிலிட்டருக்கு 2.65 கிராம் என்று வைத்து வகுத்தால் 38 மில்லிலிட்டர். அவ்வளவு இடத்தை மண் அடைத்திருக்கிறது.