ஒரு மைசூர்பாகுக்கு இரண்டு நாள் பட்டினியா?

தீபாவளி முடிந்த வாரம் என்னைப் போன்ற உணவியல் நிபுணர்களுக்குச் சிரமமான வாரம். அதிரசம் சாப்பிட்டவர்களால் ஒரு சிரமமும் இல்லை. சாப்பிட்டதற்குப் பரிகாரமாகப் பட்டினி கிடப்பவர்களால்தான்.

இந்த முறை வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைத்திருந்தார், அதுவும் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டே. தீபாவளியன்று இரண்டு மைசூர்பாகு, ஒரு அதிரசம், சாயங்காலம் மிக்சர். மறுநாள் காலையில் எடை பார்த்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ கூடியிருக்கிறது. பதறிப்போய் அன்றைக்கும் அடுத்த நாளும் மோரும் எலுமிச்சைச் சாறும் மட்டுமே குடித்திருக்கிறார். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. மகள் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 48. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். தேறி என்னைப் பார்க்க வந்தபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “மேடம், அந்த ரெண்டு கிலோ இறங்கியிருக்குமா?”

ஒவ்வொரு பண்டிகைக்குப் பிறகும், ஒவ்வொரு கல்யாண சீசனுக்குப் பிறகும் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரே இரவில் இரண்டு கிலோ கொழுப்பு யாருக்கும் சேராது. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. இரண்டு கிலோ சேர வேண்டுமென்றால் அன்றாடத் தேவைக்கு மேல் 15,400 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு துண்டு நெய் மைசூர்பாகு 200 கலோரி என்று வையுங்கள். வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்கு மேல் 77 துண்டு தின்றால்தான் அந்தக் கணக்கு வரும். நீங்கள் தின்றது இரண்டு.

அப்படியானால் மெஷின் காட்டியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். கொஞ்ச நாளாக அரிசியையும் இனிப்பையும் குறைத்திருந்தவரின் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து குறைந்திருக்கும். ஒரு நாள் தாராளமாகச் சாப்பிட்டால் அது மறுபடி நிரம்பும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைக்கும். 300 கிராம் நிரம்பினாலே மெஷினில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். முறுக்கு, மிக்சர், காலையில் இட்லிக்கு ஊற்றிய கறிக்குழம்பு ஆகியவற்றில் இருந்த உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைத் தேக்கும். இன்னும் வெளியேறாத உணவு வேறு குடலில் இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் இது தானாக வடிந்துவிடும். பட்டினி தேவையே இல்லை.

இதே கணக்கு மறுபக்கமும் செல்லும். டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் சட்டென்று குறைகிற இரண்டு கிலோவிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். ‘பத்து நாளில் ஐந்து கிலோ’ என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது இதைத்தான். அந்த வேகத்தை நம்பிப் பட்டினியை நீட்டிக்கிறவர்களுக்குத் தசை கரைகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சிலருக்குப் பித்தப்பையில் கல்லும் சேர்கிறது.

சரி, இனிப்பே சாப்பிடாமல் இருந்துவிட்டால்? இருந்து பார்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு நாள் வாயைக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ‘சீட் டே’, அதாவது டயட்டுக்கு விடுமுறை, என்று மதியம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, இரவு பரோட்டா, அதற்கு மேல் ஐஸ்கிரீம் என்று முடிப்பார்கள். தினம் 500 கலோரி குறைத்துச் சேர்த்த 3,000 கலோரியில் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் காலி. திங்கட்கிழமை மறுபடி பட்டினி. எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று புலம்புகிறவர்களில் பலருடைய வாரம் இப்படித்தான் போகிறது. ஒரு நாள் முழுவதையும் விடாதீர்கள். வாரத்தில் இரண்டு முறை, உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒரு துண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிடுங்கள். அலுவலகத்தில் யாரோ நீட்டிய டப்பாவில் இருக்கிற, பிடிக்காத சோன்பப்டியை மரியாதைக்காகத் தின்னாதீர்கள்.

அந்த இரண்டு துண்டுக்கு இடம் எங்கிருந்து வரும்? காபியிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம். தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். அதாவது எந்த இனிப்பையும் தொடாமலேயே அளவைத் தாண்டிவிட்டீர்கள். காபிச் சர்க்கரையை மெல்ல மெல்ல நிறுத்தினால் வாரத்துக்கு 840 கலோரி மிச்சம். இரண்டு மைசூர்பாகு போக மீதியும் இருக்கிறது. நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், அதிலும் கலோரி ஏறக்குறைய அதேதான். கருப்பட்டியும் அப்படியே.

மிக்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இனிப்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் காரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து தின்றால் அந்த 100 கிராம் எப்போது போனது என்றே தெரியாது. கிண்ணத்தில் எடுத்துப் போட்டுவிட்டுப் பாக்கெட்டை மூடி வையுங்கள்.

பண்டிகைக்கு மறுநாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலையில் வழக்கம்போல இட்லி, சாம்பார். மதியம் சோறு அளவாக, காய் தாராளமாக, கூடவே பருப்போ முட்டையோ மீனோ. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். அரை மணி நேரம் நடை. ஒரு வாரத்துக்கு எடை மெஷின் மேல் ஏறவே ஏறாதீர்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “ஒண்ணுதானே, சாப்பிடு” என்று வற்புறுத்திவிட்டு, சாப்பிட்டதும் “டயட்டுன்னு சொன்னே?” என்று கேட்காதீர்கள். ஒளிந்து சாப்பிடும் பழக்கம் இந்த ஒரு கேள்வியில் தொடங்குகிறது. அதிலிருந்து அவர்களை மீட்பது எனக்கு எடை குறைக்க வைப்பதைவிடக் கஷ்டம்.

கடைசியாக, சர்க்கரை நோய் மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. எடையும் குறையட்டும், விரதமும் ஆகட்டும் என்று இரண்டையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. விரதம் இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விரத நாட்களுக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். அப்படி மாற்ற முடியாது, உங்கள் உடம்புக்கு விரதமே கூடாது என்று அவர் சொன்னால், தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.