வரி பில் வருவதற்கு முன்னாலேயே பேசுங்கள்: கவுன்ட்டி போர்டு எப்படி முடிவெடுக்கிறது?

கலிபோர்னியாவில் வருஷா வருஷம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில் வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல். "போன வருஷம் இல்லாத கட்டணம் இப்போது எப்படி வந்தது? யாரைக் கேட்டுப் போட்டார்கள்?" நியாயமான கேள்விதான். பல நேரங்களில் நம்மைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். கேட்டது நமக்குத் தெரியவில்லை.

நான் சிவில் இன்ஜினியர். கவுன்ட்டிகளுக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான அமைப்புகளுக்கு, சாலை, குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான அறிக்கைகளைத் தயாரிப்பது என் தொழில். அந்த அறிக்கைகள் கடைசியில் போய்ச் சேரும் இடம், கவுன்ட்டியை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவான போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் கூட்டம். அங்கே உட்கார்ந்து பார்த்ததில், நம் மக்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிய சில விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் அந்த பில். அதிலுள்ள 1% அடிப்படை வரியில் போர்டு கை வைக்க முடியாது. 1978-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ராப் 13 (ப்ரொபோசிஷன் 13) என்ற சட்டத் திருத்தம் அதைக் கட்டிப் போட்டுவிட்டது. வீடு கைமாறாமல், புதிதாக எதுவும் கட்டாமல் இருக்கும்வரை, வரிக்கான மதிப்பும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதற்குக் கீழே வரிசையாக வரும் தனிக் கட்டணங்களைப் பாருங்கள். சில, பள்ளிக்கூடக் கடன் பத்திரம் (பாண்டு) மாதிரி தேர்தலில் வாக்களித்து வந்தவை. கழிவுநீர் போன்றவை, கவுன்ட்டி போர்டோ வேறொரு உள்ளூர் அமைப்போ ஏதோ ஒரு கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தவை.

மாநிலத்தில் 58 கவுன்ட்டிகள். சான் பிரான்சிஸ்கோ தவிர மற்றவற்றில் போர்டுக்கு ஐந்து பேர். சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்கும் இதுவரை ஐந்து பேர்தான். அதை ஒன்பதாக்க 2024-ல் மக்கள் வாக்களித்திருக்கிறார்கள். அரசு மருத்துவமனை, சிறை, ஷெரிஃப் துறைக்கான பணம், தேர்தல் நடத்தும் அலுவலகம் எல்லாம் இவர்கள் ஒதுக்கும் பட்ஜெட்டில் ஓடுகின்றன. நகராட்சி இல்லாத பகுதிகளுக்கு நகர மன்றமும் இவர்களே. நம்மவர்கள் பலர் வீடு வாங்கிய மவுண்டன் ஹவுஸ் 2024 ஜூலை 1-ல்தான் நகரமானது. அதுவரை அங்கே எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைத் தீர்மானித்தது ஸ்டாக்டனில் கூடும் கவுன்ட்டி போர்டு.

கூட்டம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலையில். வேலை நாள், வேலை நேரம். நாம் போக முடியாததற்கு இதுவே பாதிக் காரணம். ஆனால் உள்ளூர் அமைப்புகள் கூட்டங்களை வெளிப்படையாக நடத்தச் சொல்லும், 1953-ல் வந்த பிரௌன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் இணையத்தில் வந்துவிடும்.

அதில் 'கன்சென்ட் காலண்டர்' என்ற பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். சிக்கல் இல்லாதவை என்று அதிகாரிகள் கருதும் ஒப்பந்தங்கள், டெண்டர்கள், நியமனங்கள் எல்லாம் ஒரே கட்டாக அங்கே இருக்கும். பல டஜன் விஷயங்கள், ஒரே வாக்கெடுப்பு, விவாதம் கிடையாது. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை, இப்படிச் செய்யாவிட்டால் கூட்டம் நகராது. ஆனால் "அறிக்கையை ஏற்று, கட்டண உயர்வு குறித்த பொது விசாரணைக்குத் தேதி குறிக்க" என்று ஒரு வரி அதில் இருந்தால், உங்கள் பில்லில் வரப்போகும் தொகைக்கான முதல் படி அதுதான். அந்த வரியோடு இணைத்திருக்கும், அதிகாரிகள் எழுதிய ஸ்டாஃப் ரிப்போர்ட்டைத் திறந்து, நிதித் தாக்கம் பற்றிய பத்தியை மட்டுமாவது படியுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே எழுதியே ஆக வேண்டும் என்பதால், மழுப்பல் குறைவாக இருக்கும். ஒரு விஷயத்தைக் கட்டிலிருந்து தனியே எடுத்து விவாதிக்க எந்த சூப்பர்வைசரும் கேட்கலாம். உங்கள் தொகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமையே மின்னஞ்சல் போட்டால் அதற்கு வழி பிறக்கும்.

அப்புறம் அந்தக் கடிதம். குடிநீர், கழிவுநீர், குப்பைக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன், 1996-ல் வந்த ப்ராப் 218 படி சம்பந்தப்பட்ட வீட்டுக்காரர்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, குறைந்தது 45 நாள் கழித்தே விசாரணை நடத்த வேண்டும். பாதிக்கு மேற்பட்ட மனைகளிலிருந்து எழுத்தில் எதிர்ப்பு வந்தால் உயர்வை அமல்படுத்த முடியாது. ஒரு மனைக்கு ஓர் எதிர்ப்புதான் கணக்கு. பதில் போடாதவர் எதிர்க்காதவராகவே கருதப்படுவார். நான் அறிக்கை கொடுத்த ஒரு கழிவுநீர்த் திட்டத்தில் கைப்பிடி அளவு எதிர்ப்புகள்கூட வரவில்லை. பில் வந்தபின் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர், அப்படி ஒரு கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்றார்கள். கிரெடிட் கார்டு விளம்பரங்களோடு சேர்ந்து அது குப்பைக்குப் போயிருக்கும். எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

நில விஷயத்திலும் இதே கதைதான். நிலப் பயன்பாட்டை மாற்றும் விசாரணைக்கு, 300 அடிக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். வாடகைக்கு இருப்பவர் பெயருக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால், விசாரணையிலோ அதற்கு முன் எழுத்திலோ எழுப்பிய ஆட்சேபங்களை மட்டுமே அங்கே வாதிட முடியும் என்பதையும் மறக்காதீர்கள்.

"நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு என்ன பேச்சு?" என்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, வாக்காளராக இருக்க வேண்டியதும் இல்லை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பவர் கூட இருந்தால், பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு பாட்டி, பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தெரு முனையில் மழைநீர் தேங்குவதைப் பற்றிப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, பேத்திக்கு முகம் வாடிவிட்டது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் அன்றே விவாதித்து முடிவெடுக்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். அதன்படியே சாலைத் துறை ஆள் ஒருவர் வெளியே வந்து, தெருப் பெயரையும் தண்ணீர் தேங்கும் இடத்தையும் குறித்துக்கொண்டு போனார்.

பேசும்போது அஜெண்டா எண், ஆதரவா எதிர்ப்பா, அப்புறம் ஒரே ஒரு காரணம் என்ற வரிசையில் சொல்லுங்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோதான். நேரில் வர முடியாவிட்டால் போர்டின் கிளார்க்குக்கு முதல் நாளே எழுதி அனுப்புங்கள், கோப்பில் சேரும். பெரும்பாலும் ஜூனில் பட்ஜெட் விசாரணை வரும். ஜூலை 1-ல் தொடங்கும் நிதியாண்டுக்கான பணத்தை அப்போதுதான் பிரிப்பார்கள்.