நிறுத்தினால் மட்டும் ஏன் சொட்டுகிறது?

“அப்பாவின் பழைய 100 சிசி பைக். இருபத்தைந்து வயசு. ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது பக்கம் தரையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில் கறை. மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, ஒழுகினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறது என்று அர்த்தம், விடுங்க என்கிறார். யார் சொல்வது சரி?” ஒரு வாசகரின் கேள்வி இது.

பக்கத்து வீட்டுக்காரரை முதலில் ஒதுக்கிவிடுவோம். பூனை குறுக்கே போகிற ரக நம்பிக்கை அது. ஆயில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் டிப் ஸ்டிக் வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பதறவும் வேண்டாம். ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய 20 சொட்டு. ராத்திரிக்குப் பத்து சொட்டு போனால் மாதத்துக்கு 15 மில்லி. இன்ஜின் வறண்டுவிடாது. ஆனால் அது பின் டயரில் பட்டால் வளைவில் வழுக்கும், அதனால் சரிசெய்தே ஆகணும்.

எங்கே கசிகிறது என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போவதால் ஈரம் தெரியும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. டீசல் போட்டுக் கழுவி, துடைத்துக் காயவைத்து, குழந்தைக்குப் போடும் பவுடரை இன்ஜின் மேல் தூவி, ஒரு சுற்று ஓட்டி வந்து பாருங்கள். எந்தக் கோட்டில் பவுடர் முதலில் நனைகிறதோ அதுதான் இடம். இடது பக்கக் கறை, வயசான வண்டி என்றால் என் சந்தேகம் முன் செயின் ஸ்பிராக்கெட்டுக்கு (செயினை இழுக்கும் பல் சக்கரம்) பின்னால் இருக்கும் ஆயில் சீல் மேல்.

சுழலும் ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, இன்ஜினை விட்டு வெளியே வரும் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம் அது. ரப்பருக்கு மெல்லிய ஓர் உதடு, அதன் முதுகில் ஒரு சுருள் கம்பி. கம்பி அழுத்துகிறது, உதடு ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து ஆயிலை அணை மாதிரி தடுக்கிறது என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி உலர்ந்து உரசினால் உதடு சீக்கிரமே கருகிப்போகும். உண்மையில் உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே எப்போதும் ஆயில் படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். இதை 1957இல் ஜாகர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். சரி, படலம் இருந்தால் அது ஏன் வெளியே வழிவதில்லை?

உதட்டைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். ஆயில் பக்கச் சரிவு செங்குத்தாக இருக்கும், வெளிப் பக்கச் சரிவு படுத்திருக்கும். சுருள் கம்பியும் நடுவில் இல்லை, வெளிப் பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால் அழுத்தத்தின் உச்சி ஆயில் பக்கத்தை ஒட்டி விழுகிறது. ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரப்புகள் உண்டு. ஷாஃப்ட் சுற்றும்போது அவற்றை இழுக்கிறது. உச்சியில் இருக்கும் ரப்பர் அதிகம் நகர்கிறது, ஓரங்கள் குறைவாக நகர்கின்றன. நேராக இருந்த வரப்பு வில்லாக வளைந்து, சின்னச் சின்னத் துடுப்பாகிவிடுகிறது. இரு பக்கத் துடுப்புகளும் ஆயிலை உச்சியை நோக்கித் தள்ளுகின்றன. வெளிப் பக்கத்துத் துடுப்புகள் நீளம் என்பதால் அவையே ஜெயிக்கின்றன. ஆக, வெளியே வர நினைக்கும் ஆயிலை சீல் உள்ளேயே இறைத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சீலின் வெளிப் பக்கம் ஒரு சொட்டு ஆயில் வைத்தால், அதை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடும்! அதே சீலைத் திருப்பி மாட்டினால் பம்பும் திரும்பிக்கொள்ளும். நானே ஒருமுறை அவசரத்தில் அப்படி மாட்டி, புது சீலில் பழையதைவிட அதிகமாக ஒழுகவைத்திருக்கிறேன்.

இப்போது வாசகரின் கறைக்கு வருவோம். வண்டி நின்றதும் பம்பும் நின்றுவிடுகிறது. அப்புறம் ரப்பரின் நெகிழ்வு மட்டும்தான் காவல். வருடக்கணக்கில் சூடு பட்ட ரப்பர் விறைத்து, ஷாஃப்டோடு ஒட்டாமல் நிற்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கமே சேர்கிறது. இரண்டு ராத்திரி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள், கறை சுருங்கினால் விஷயம் உறுதி.

சீலை மாற்றுவதற்கு முன் பிரீதர் குழாயை, அதாவது இன்ஜினுக்குள் அமுங்கும் காற்றை வெளியே விடும் குழாயை, ஊதிப் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கீழே இருக்கும் காற்று அமுங்குகிறது. அந்தக் குழாய் மண்ணால் அடைத்திருந்தால், புது சீலையும் அந்த அழுத்தம் தோற்கடித்துவிடும். பல வண்டிகளில் இந்த சீலை வெளியிலிருந்தே நெம்பி எடுக்கலாம், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. கழற்றியதும் ஷாஃப்டில் விரல் நகத்தை ஓட்டுங்கள். ஒரு பள்ளம் தட்டுப்படலாம். கிணற்றுக் கல்லைக் கயிறு அறுத்த மாதிரி, மெத்தென்ற ரப்பர் இரும்பை அறுத்திருக்கும். ரப்பரில் புதைந்த புழுதிதான் உப்புத்தாளாக வேலை செய்திருக்கிறது. பள்ளம் இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே நிறுத்துங்கள், உதடு தேயாத இடத்தில் உட்காரும். ஷாஃப்டின் பல்லில் இன்சுலேஷன் டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவி, சுருள் கம்பி தெரியும் முகம் இன்ஜின் பக்கம் இருக்கும்படி நேராக அழுத்துங்கள். டேப்பை உருவ மறக்காதீர்கள்.