இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பாறை

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள வெமினூச் வனப்பகுதிக்கு மலையேறப் போகும் நம்மவர்கள், ஜிஐஎஸ் (கணினி வரைபடம்) வேலையில் இருப்பவன் என்று என்னிடம் வரைபடம் பற்றி விசாரிப்பது வழக்கம். போன கோடையில் ஒரு தம்பி போனை நீட்டினார். "அண்ணா, ஏரியிலிருந்து கீழே தடம் வரைக்கும் கோடெல்லாம் தள்ளித் தள்ளித்தான் இருக்கு. நேரா இறங்கிட்டா ரெண்டு மைல் மிச்சம். சரிதானே?"

சரியில்லை. அவர் பார்த்தது பழைய 1:24,000 தாளின் ஸ்கேன். அதில் சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு, 40 அடி (12 மீட்டர்) உயரத்துக்கு ஒன்று. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மெல்லிய சரிவு என்று படிப்போம். கீழ்க்கோட்டைத் தாண்டியதும் 30 அடிச் செங்குத்துப் பாறை ஒன்று எழும்பி, மேல்கோட்டுக்கு முன்பே முடிந்துவிட்டால் அது தாளில் விழவே விழாது. பாறைக்கு மேலும் கீழும் தரை மெல்லச் சாய்ந்திருந்தால் இரண்டு கோடும் தாராளமாக இடைவெளி விட்டுத்தான் நிற்கும். நின்று பார்த்தால் மூன்று மாடி உயரம்.

அந்தக் கோடுகள் எப்படி வந்தன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விமானப் படங்களை ஜோடியாக வைத்து, மேடு பள்ளம் தெரியும்படி பார்த்து வரைந்தவை. அடர்ந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கு அடியில் தரை தெரியாது. மரத்தின் உயரத்தை மதிப்பிட்டுக் கழிப்பார்கள். 1947-ஆம் ஆண்டின் அமெரிக்க வரைபடத் துல்லிய விதிப்படி, சோதிக்கும் புள்ளிகளில் 90 சதவீதம் கோட்டு இடைவெளியில் பாதிக்குள், இங்கே 20 அடிக்குள், இருந்தால் போதும். மீதி 10 சதவீதத்துக்கு வரம்பே இல்லை.

இப்போது லைடார், அதாவது விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளக்கும் முறை, வந்துவிட்டது. லேசர் கிளை இடுக்கில் புகுந்து தரையைத் தொடுவதால், மீட்டருக்கு ஒரு உயரம் கிடைக்கிறது. நான் தினமும் பார்க்கும் திரையில், பழைய தாளில் வழவழவென்று இருந்த சரிவுகள் படிக்கட்டு போலப் பாறை பாறையாக நிற்கின்றன. ஆனால் அதிலிருந்து 40 அடிக்கு ஒரு கோடு இழுத்தால், பாறை மறுபடியும் ஒளிந்துகொள்ளும். அதனால் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். லைடார் நிழல் படத்தையும் (வெயில் பட்டதுபோல் மேடு பள்ளத்தை நிழலிட்டுக் காட்டுவது) சரிவு வண்ணத்தையும் (செங்குத்தான இடங்களை நிறத்தால் காட்டுவது) சேர்த்துப் பாருங்கள்.

தடத்தைக் காட்டும் கோட்டையும் அப்படியே நம்ப முடியாது. பட்டை வண்டு தின்ற ஸ்புரூஸ் மரங்கள் அங்கே ஆண்டுதோறும் தடத்தின் குறுக்கே சாய்கின்றன. இயற்கை வனப்பகுதிகளைக் காக்கும் 1964 அமெரிக்கச் சட்டத்தால் செயின்சாவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை; கை ரம்பத்தால் அறுத்துத்தான் வழி எடுக்கிறார்கள். எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் வனத்துறையைக் கேளுங்கள்.

தம்பியின் சரிவில் நிழல் படத்தைப் போட்டோம். குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அளந்தேன், 27 அடி. "சுத்தியே போயிடறேன் அண்ணா" என்றார்.