பேஸ் வாங்கியாச்சு, ஆம்ப் எது வாங்குவது?

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தரும் பெட்டி), ஸ்பீக்கர் பழுது பார்ப்பது என் வேலை. மாலையில் பேஸ் கிட்டாரும் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அப்பாவும் பதினைந்து வயது மகனும் ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப தகரத்தைத் தட்டுற மாதிரி சத்தம் வருது" என்றார் அப்பா.

ஸ்பீக்கரைக் கழற்றி அதன் காகிதக் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருள் காந்தத்தில் உரசி, மணலை அரைப்பதுபோல் சரசரத்தது. கூம்பின் ஓரம் இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. அது பையனுடைய அண்ணனின் கிட்டார் ஆம்ப். தம்பி மூன்று மாதமாக அதில் பேஸ் வாசித்திருக்கிறான். சத்தம் போதவில்லை என்று நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். பையன் மேல் தவறில்லை. இரண்டும் கிட்டார்தானே, வயர் பொருந்துகிறதே என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 82 தடவை அதிர்கிறது. பேஸின் தாழ்ந்த 'ஈ' தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது பாதி. ஐந்து தந்தி பேஸ் என்றால் 31 வரை இறங்கும். அதிர்வு பாதியானால், அதே அளவு சத்தம் வர ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். கிட்டாருக்கான கூம்பு அந்த ஆட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல. சின்ன கிட்டார் ஆம்ப்புகளில் பல பின்பக்கம் திறந்தே இருக்கும். கூம்பு எல்லை மீறும்போது பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் கிடையாது. மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. கூட்டினால் கிழியும். பேஸ் வாசிப்பவருக்குப் பேஸ் ஆம்ப்தான் வேண்டும்.

சரி, எவ்வளவு பெரியது? கடையில் முதலில் காட்டுவது வாட்ஸ் கணக்கைத்தான். 50 வாட்ஸ் ஆம்ப் 25 வாட்ஸைவிட இரண்டு மடங்கு சத்தமாக இருக்கும் என்று நினைத்துக் காசைக் கொட்டாதீர்கள். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு); காதுக்கு அது சின்ன வித்தியாசம்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். படுக்கையறையில் தனியாகப் பழக 15 முதல் 30 வாட்ஸ், எட்டு அங்குல ஸ்பீக்கர் தாராளம். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்ச் க்ரஷ் பேஸ் 25 என்ற பேஸ் ஆம்ப்புகள் இரண்டும் இந்த அளவுதான். இரண்டிலும் எட்டு அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் வழி எல்லாம் உண்டு. டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இது போதாது, அது வேறு கணக்கு.

எட்டு அங்குலத்தில் 41 ஹெர்ட்ஸ் முழுதாக வருமா என்று மாணவர்கள் கேட்பார்கள். வராது. ஆனால் அந்தத் தந்தியிலிருந்து 82, 123 என்று மேல்சுரங்களும் கூடவே வருகின்றன. அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டிய சுரத்தை நம் மூளையே கண்டுகொள்கிறது. பழகும்போது உங்களுக்குத் தேவை நெஞ்சை அதிர வைப்பதல்ல. விரல் தந்தியை விட்டது எப்போது, எந்தச் சுரம் மழுங்கியது என்று தெளிவாகக் கேட்பதுதான் தேவை. நல்ல சின்ன ஆம்ப் இதைத் தாழ்ந்த சத்தத்திலேயே காட்டிவிடும்.

அதனால் கடைக்கு உங்கள் பேஸையே கொண்டு போங்கள். விற்பவர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இரவு எட்டு மணிக்கு வைக்கக்கூடிய சத்தத்துக்குக் குறைத்து, 'ஈ' தந்தியிலிருந்து ஒவ்வொரு சுரமாக மேலே ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி உறுமினால் அந்த ஆம்ப் வேண்டாம். அப்புறம் குமிழ்களைத் திருகிப் பாருங்கள், கரகரப்பு வரக்கூடாது. ஹெட்போனைச் சொருகி இரண்டு காதிலும் கேட்கிறதா, ஃபோனிலிருந்து பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்க வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நம் ஊர் வீடுகளுக்கு ஹெட்போன் வழி கட்டாயம் வேண்டும் என்பேன். டெரஸ் வீட்டில் ஒரே சுவர் இரண்டு குடும்பத்துக்கு. 41 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். சுவரும் கதவும் அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டில் பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும். தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய பழைய பலகை வீடு என்றால் கூரைத் தகரமும் சேர்ந்து அதிரும். ஆம்ப்பைத் தரையிலும் அறை மூலையிலும் வைக்காமல், நாற்காலி மேல் காதைப் பார்த்து வைத்தால் முழக்கம் குறையும், பாதிச் சத்தத்திலேயே தெளிவு கிடைக்கும். ஹெட்போனுக்கும் அளவுண்டு: உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்றும், பிள்ளைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் சொல்கிறது. ஹெட்போன் போட்டிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும்.

பழைய ஆம்ப் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்கு மனவருத்தம் அதிகம். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்கள் விற்கும் கடைகளில் அழகான ஆம்ப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. பின்பக்கம் இருக்கும் சின்ன ஒட்டுத்தாளை டார்ச் அடித்துப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டுச் சுவரில் சொருகக்கூடாது; இங்கே வருவது 230, 240 வோல்ட். சொருகிய நொடியில் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகி வந்த ஆம்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். 100 வோல்ட்டாக இறக்கித் தரும் தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம்தான், அதன் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இருக்காது. இன்னொன்று: உறுமல் நிற்கிறது என்று பிளக்கில் எர்த் வயரைத் துண்டித்திருப்பார்கள். தந்தியில் கை வைத்திருப்பவர் உயிருக்கு அந்த வயர்தான் காவல். அப்படிப்பட்டதைச் சரிசெய்யாமல் வாசிக்க விடவே விடாதீர்கள்.

வாங்கிய பிறகு, மாலை மழைக்கு வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஃபோன் சார்ஜரில் சொருகிய ஃபோன் ஆம்ப்போடு சேர்ந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். வாரம் ஒரு தடவையாவது போட்டு வாசியுங்கள். மாதக்கணக்கில் மூடி வைத்த ஆம்ப்பைத் திறந்தால் உள்ளே எறும்புக் கூடு, போர்டில் ஒட்டிக் காய்ந்த பல்லி.

அந்தப் பையனுக்கு எட்டு அங்குல பேஸ் ஆம்ப் ஒன்றை ஈப்போவில் பார்த்து வாங்கினார்கள். அவனே வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தானாம். கிழிந்த ஸ்பீக்கருக்குப் பதில் புதியது போட்டு, பழைய ஆம்ப்பை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.